கிரனாடாவின் அல்ஹம்ப்ராவுக்கும் ஃபிளமென்கோவுக்கும் உறவு உண்டா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்று நாள் ஸ்பெயினின் தெற்கிலுள்ள கிரனாடாவில் தங்கப் போகிறீர்கள். அங்குள்ள அல்ஹம்ப்ரா என்ற கோட்டை அரண்மனையைக் கட்டிய மூர்களே, அதாவது அக்காலத்தில் அங்கே ஆண்ட முஸ்லிம்களே, ஃபிளமென்கோ என்ற பாட்டையும் ஆட்டத்தையும் அந்த ஊருக்கு விட்டுச்சென்றார்கள் என்று ஒரு பயண நூல் சொல்கிறது. இந்தியாவிலிருந்து ஜிப்சிகள் எடுத்துச்சென்ற நம் இசையே ஃபிளமென்கோ என்று நீங்கள் பார்த்த ஒரு காணொளி சொல்கிறது. எது சரி, அங்கே எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, அந்தக் கட்டடக்கலையும் இந்த இசையும் ஒரே மரபின் இரண்டு கிளைகளா என்பதுதான். அல்ல என்பதே என் பதில். இரண்டும் எதிரெதிர்க் குன்றுகளில் வாழ்கின்றன, ஆனால் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மக்கள் உருவாக்கியவை; இடையே ஒரு மெல்லிய தொடர்பு இருக்கிறது, அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். நான் பழங்கட்டடப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற கட்டடக்கலைஞன். சுண்ணாம்புச் சாந்தும் சுதை வேலையும் மரக்கூரையுமே என் தொழில், அல்ஹம்ப்ராவை அந்தக் கண்ணோடு பார்த்திருக்கிறேன். இசையில் எனக்கு அதே அதிகாரம் கிடையாது. கர்நாடக இசையை முறையாகக் கற்றவன் என்ற அளவில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே சொல்கிறேன். ஆகவே கட்டடம் பற்றிய பகுதியை உறுதியாகவும், இசையின் தோற்றம் பற்றிய பகுதியைச் சற்று எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கைப் போட்டாலே குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். நஸ்ரி வமிசத்தின் முதல் அரசரான முதலாம் முகம்மது 1238இல் கிரனாடாவுக்குள் நுழைந்தார். கடைசி அரசரான போவப்தில் 1492 ஜனவரி 2ஆம் நாள் நகரை கிறிஸ்தவ நாடான காஸ்தியாவின் அரசி இசபெல்லாவிடமும் அவர் கணவர் ஃபெர்டினாண்டிடமும் ஒப்படைத்தார். இன்று நாம் வியந்து நிற்கும் அரண்மனைகளில் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டில், முதலாம் யூசுஃபும் அவர் மகன் ஐந்தாம் முகம்மதுவும் ஆண்ட காலத்தில் எழுந்தது. ஃபிளமென்கோ என்று அடையாளம் காணத்தக்க பாட்டும் ஆட்டமும் எழுத்துச் சான்றுகளில் மெல்லத் தலைகாட்டுவது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். தெளிவான உருவம் பெறுவது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். அல்ஹம்ப்ராவின் கடைசி அரசர் வெளியேறியதற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 300 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த 300 ஆண்டுகளில் நடந்தவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் உங்கள் பயண நூல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போட்டிருக்கிறது.

கட்டடத்திலிருந்து தொடங்குகிறேன். அல்ஹம்ப்ராவுக்குச் செல்பவர்கள் அலங்காரத்தைப் பார்த்து மலைத்துவிட்டு, அது எதனால் ஆனது என்பதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். வெளி மதில்களின் பெரும்பகுதி செம்மண்ணும் சரளையும் சுண்ணாம்பும் கலந்து, பலகை அச்சுக்குள் கொட்டி இடித்து எழுப்பியது. உள்ளே சுவரின் அடிப்பகுதியில் வெட்டி இணைத்த வண்ண ஓடுகள், நடுவில் ஜிப்சச் சுதை, மேலே மரக்கூரை. பளிங்கு பெரும்பாலும் தூணிலும் தரையிலும் நீரூற்றிலும் மட்டும். காஸ்தியா அரசுக்குக் கப்பம் கட்டியபடி காலம் தள்ளிய ஒரு சிறு அரசு, மண்ணையும் சாந்தையும் மரத்தையும் கொண்டு கணிதத்தாலும் கைத்திறத்தாலும் எட்டிய உயரம் இது. செல்வச் செழிப்பின் சின்னம் என்று இதை விளம்பரப்படுத்துவதை என்னால் ஏற்க முடிவதில்லை. நெருக்கடியில் இருந்த ஓர் அரசின் கம்பீரம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சிங்க முற்றத்தில் சற்று நேரம் ஒதுக்கி ஒரே ஒரு தூணைப் பாருங்கள். அங்கே 124 பளிங்குத் தூண்கள் ஒற்றையாகவும் இரட்டையாகவும் குழுவாகவும் நிற்கின்றன. அவற்றின் மேலுள்ள வளைவுகள் கூரையைத் தாங்குவதாகத் தோன்றும். தாங்குவதில்லை. போதிகைக்கு மேல் மெல்லிய செங்கல் கட்டு எழும்பி, அதன்மேல் மர உத்தரம் கிடக்கிறது. கூரையின் பாரம் உத்தரத்திலிருந்து செங்கல் வழியாகத் தூணுக்கு இறங்கிவிடுகிறது. வளைவு என்று நம் கண்ணுக்குப் படுவது உத்தரத்தின் கீழுள்ள இடைவெளியை மூடும் சுதைத் திரை மட்டுமே. அதனால்தான் அதை அத்தனை துளையிட்டு, வெயில் உள்ளே சல்லடையாக விழும்படி செய்ய முடிந்தது. அப்படியே பார்வையைத் தூணின் அடிக்கு இறக்கினால், அடிக்கல்லும் தண்டும் சேருமிடத்தில் சாம்பல் நிறக் கோடொன்று தெரியும். அது ஈயத் தகடு. கல்லோடு கல் நேரே அழுந்திச் சில்லு பெயராமல் காப்பதும், நில அதிர்வு நேர்ந்தால் இணைப்பு சிறிது அசைந்துகொடுக்க இடம் தருவதும் அதன் வேலை. கிரனாடா நிலநடுக்கப் பகுதி என்பதை நினைவில் வைத்தால், அந்த ஒல்லியான தூண்கள் ஆறு நூற்றாண்டுக்கு மேல் நிற்பதன் காரணம் ஓரளவு புரியும்.

சுதை வேலையிலும் கவனிக்க ஒன்று உண்டு. எல்லாமே உளியால் செதுக்கியதல்ல. திரும்பத் திரும்ப வரும் கோலங்களில் பல, அச்சில் வார்த்துச் சுவரில் பதித்தவை. சில இடங்களில் சாய்ந்த வெளிச்சத்தில் பலகைகளின் பொருத்துகள் புலப்படும். நாம் இன்று காணும் தந்த நிறம் மூலநிறமும் அல்ல. நீலமும் சிவப்பும் பொன்னும் பூசப்பட்டிருந்ததற்கான எச்சங்கள், மழையும் வெயிலும் எட்டாத குழிவுகளில் இன்னும் இருக்கின்றன. கொமாரெஸ் கோபுரத்தின் தூதர் மண்டபத்தில் அண்ணாந்து பார்க்கும் விதானம் 8,000க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளால் ஆனது. அது ஏழு வானங்களைக் குறிக்கிறது என்ற விளக்கம் வெறும் ஊகமன்று; ஏழு வானங்களைப் பற்றிப் பேசும் குர்ஆனின் 67ஆம் அத்தியாயம் அந்த விதானத்தின் அடியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்து இங்கே அலங்காரம் மட்டுமல்ல. ‘இறைவனையன்றி வெல்பவர் இல்லை’ என்ற நஸ்ரி வமிசத்தின் வாசகம் நூற்றுக்கணக்கான முறை உங்கள் கண்ணில் படும். அரசவைக் கவிஞரான இபுனு ஸம்ரக்கின் வரிகள் இரு சகோதரியர் மண்டபத்தின் சுவரிலும், சிங்க நீரூற்றின் தொட்டி விளிம்பிலும் பொறிக்கப்பட்டுள்ளன. மண்டபத்துக் கவிதையில் மண்டபமே ‘நான்’ என்று தன்னைத் தோட்டமாகச் சொல்லிப் பேசத் தொடங்குகிறது. மொழிபெயர்ப்பை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். அங்கே போய்க் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தால் உங்களுக்கான நேரம் கரைந்துவிடும்.

எது பழையது, எது பிற்காலத்தில் சேர்த்தது என்பதிலும் விழிப்பு வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கொன்ட்ரேராஸ் குடும்பத்தார் செய்த சீரமைப்பில், கீழைநாட்டு அரண்மனை எப்படி இருக்கும் என்று அக்கால ஐரோப்பா கற்பனை செய்ததோ அதுவும் கலந்துவிட்டது; சிங்க முற்றத்தின் கிழக்கு மண்டபத்தின் மேல் வண்ண ஓடு பதித்த ஒரு குவிமாடத்தையே ஏற்றிவிட்டார்கள். 1923 முதல் 1936 வரை பொறுப்பிலிருந்த கட்டடக்கலைஞர் லெயோபோல்தோ தோர்ரெஸ் பல்பாஸ் அதை அகற்றிப் பழைய வடிவிலான கூரையை மீட்டார். உதிர்ந்த சுதைக்குப் பதில் புதிய அலங்காரத்தை நகலெடுக்காமல், வெறும் சாந்தால் நிரப்பி, புதியது புதியதென்றே தெரியும்படி விட்டவரும் அவர்தான். பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வெற்றுத் திட்டுகள் செதுக்கிய சுவருக்கு நிகரான பாடம். மாறாக, அபென்செராஹே மண்டபத்து நீரூற்றிலுள்ள செந்நிறக் கறையை, அங்கே படுகொலை செய்யப்பட்டதாகக் கதை சொல்லும் அபென்செராஹே குலத்தாரின் இரத்தம் என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டாம். அது இரும்புத் துரு. போவப்தில் நகரை விட்டுப் போகையில் மலைக்கணவாயில் திரும்பிப் பார்த்து அழுததும், அவன் தாய் கடிந்துகொண்டதும் பின்னாளில் புனையப்பட்ட கதை. சிங்க முற்றம் எதற்காகப் பயன்பட்டது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை: அரச குடும்பத்தின் தனி மாளிகை என்பது பரவலான கருத்து, கல்விக்கூடமாகவும் இருந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு.

அரண்மனையோடு நின்றுவிடாமல் தாரோ ஆற்றங்கரையில் நடங்கள். 11ஆம் நூற்றாண்டுக் குளியல் கூடமான எல் பன்யுவேலோவில், விதானத்து நட்சத்திரத் துளைகள் வழியாக இறங்கும் ஒளியைப் பாருங்கள். அதன் தூண்களின் போதிகைகளில் சில அதைவிடப் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்தவை. நகரின் நடுவே கொர்ரால் தெல் கர்போன் என்ற 14ஆம் நூற்றாண்டு வணிகர் சத்திரம் இருக்கிறது; ஸ்பெயினும் போர்த்துகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் அவ்வகையில் முழுமையாக எஞ்சியிருப்பது அது ஒன்றே. அதைப் பார்க்கச் சிறிது நேரம் போதும்.

இனி அந்த 300 ஆண்டுகளுக்கு வருவோம். சரணடைவு உடன்படிக்கை முஸ்லிம்களுக்கு மதத்தையும் சட்டத்தையும் உறுதி செய்தது. பத்தாண்டுகூட அது நிலைக்கவில்லை. கட்டாய ஞானஸ்நானத்துக்குப் பின் மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட அந்த மக்களுக்கு, சம்ப்ரா என்றொரு இசையும் ஆட்டமும் இருந்தது. திருமணங்களிலும் விழாக்களிலும் அது இடம்பெற்றது. 1567இல் அரசாணை ஒன்று அரபு மொழியையும் உடையையும் குளியல் கூடங்களையும் சம்ப்ராவையும் தடை செய்தபோது, மொரிஸ்கோப் பெரியவரான ஃபிரான்சிஸ்கோ நுன்யெஸ் முலெய் எழுதிய முறையீடு இன்றும் கிடைக்கிறது. இது எங்கள் மதமல்ல, எங்கள் ஊர் வழக்கம்; முதல் பேராயர் தலவேராவின் காலத்தில் நற்கருணைப் பவனியிலேயே சம்ப்ரா முழங்கியது என்று அவர் வாதிட்டார். வாதம் எடுபடவில்லை. 1568இல் அல்புஹாராஸ் மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. அது ஒடுக்கப்பட்டபோது கிரனாடா மொரிஸ்கோக்களில் பெரும்பாலோர் காஸ்தியாவுக்குள் சிதறடிக்கப்பட்டார்கள், 1609 முதல் 1614 வரை ஸ்பெயினை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வட ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கினார்கள். தெற்கு ஸ்பெயினான அந்தலூசியாவின் அரண்மனை இசையிலிருந்து வழிவந்த மரபைக் கேட்க வேண்டுமென்றால் அல்ஜீரியாவின் த்லெம்சென், மொராக்கோவின் ஊஜ்தா ஆகிய ஊர்களில் ‘கர்நாத்தி’ என்று கிரனாடாவின் பெயரையே தாங்கி வாழும் இசையைக் கேளுங்கள். ஊத், ரபாப் என்ற நரம்புக்கருவிகளும் வயலினும் சூழ, பலர் சேர்ந்து பாடும் நீண்ட தொடர் அது. அதை ஒரு மணி நேரம் கேட்டவர் யாரும் ஃபிளமென்கோவை மூர்களின் இசை என்று எளிதாகச் சொல்லிவிட மாட்டார்.

அப்படியானால் இந்தியா? ஸ்பெயினில் ஹிதானோக்கள் எனப்படும் ரோமா மக்களின், அதாவது ஜிப்சிகளின், மூதாதையர் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதில் ஐயமில்லை. ரோமா மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை 1780களிலேயே ஜெர்மன் அறிஞர்கள் காட்டிவிட்டார்கள், மரபணு ஆய்வுகளும் அதையே உறுதி செய்கின்றன. ஆனால் அவர்கள் புறப்பட்டது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்; பாரசீகம், பைசாந்தியம், பால்கன் வழியாகப் பல தலைமுறைகள் வாழ்ந்து கடந்து, ஐபீரியாவில் அவர்களைப் பற்றிய முதல் ஆவணம் 1425இல்தான் வருகிறது. கொண்டுவந்த இசைதான் ஃபிளமென்கோ என்றால், ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் ரஷ்யாவிலும் உள்ள ரோமா மக்களிடமும் அதன் சாயல் இருக்க வேண்டும். அங்கெல்லாம் அவர்கள் இசை அந்தந்த மண்ணைச் சார்ந்து வேறாக இருக்கிறது. ஃபிளமென்கோ செவில், காதிஸ், ஹெரெஸ், கிரனாடா என்ற தென்கோடி ஊர்களில் மட்டுமே முளைத்தது. கதக்கின் பாதவேலை அங்கே போயிற்று என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. அந்தலூசியாவில் ஏற்கெனவே புழங்கிய கதைப்பாடல்கள், ஃபந்தாங்கோ என்ற ஆட்டப்பாட்டு, அறுவடைப் பாட்டு, கொல்லுப்பட்டறைப் பாட்டு, அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து துறைமுகங்கள் வழியே திரும்பிய தாளங்கள் எல்லாம் ஏழைக் குடியிருப்புகளில் கலந்தன. அந்தக் கலவைக்குத் தனிக் குரலும் தனி அழுத்தமும் தந்தவர்களில் முதலிடம் ஹிதானோக்களுக்கே. 1749இல் அரசு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஹிதானோக்களைச் சிறைபிடித்து, ஆண்களை ஆயுதச் சாலைகளுக்கும் பெண்களைக் காவல் இல்லங்களுக்கும் பிரித்து அனுப்பிய கொடுமையை அறிந்தவர்கள், சிறைப் பாடல்களும் தாயை விளித்துக் கதறும் பாடல்களும் ஏன் இத்தனை என்று கேட்க மாட்டார்கள். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் சில்வேரியோ ஃபிரான்கொனெத்தி போன்றோர் நடத்திய பாட்டுக் கஃபேக்களில், காசு கொடுத்துக் கேட்கும் கூட்டத்தின் முன், தொழில்முறைக் கலைஞர்கள் இதற்கு மேடை வடிவம் தந்தார்கள். கிட்டார் அதன் பிரிக்க முடியாத துணையானது அக்காலத்தில்தான். பலர் தொன்மையானதென்று எண்ணும் கஹோன் என்ற பெட்டி மேளமோ பெரு நாட்டுக்குரியது; 1970களின் பிற்பகுதியில் பாகோ தே லுசியா அதை ஃபிளமென்கோவுக்குள் கொண்டுவந்தார்.

மூர்களோடும் கிழக்கோடும் இதை இணைக்கும் கதைக்கு ஊட்டம் தந்த நிகழ்ச்சி அல்ஹம்ப்ராவுக்குள்ளேயே நடந்தது. 1922 ஜூன் 13, 14 ஆகிய இரவுகளில் அங்குள்ள அல்ஹிபெஸ் சதுக்கத்தில் காந்தே ஹோந்தோ (‘ஆழ்ந்த பாட்டு’) என்ற பழைய ஃபிளமென்கோ பாட்டுக்கான போட்டியை இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவும் இளங்கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவும் நண்பர்களும் நடத்தினார்கள். முதிய பாடகர் தியேகோ பெர்மூதெஸும், பின்னாளில் மனோலோ கரகோல் என்று புகழ்பெற்ற 12 வயதுச் சிறுவனும் பரிசு பெற்றார்கள். அதையொட்டி ஃபாயா எழுதிய சிறு வெளியீடு பைசாந்தியத் திருச்சபைப் பாடல், அரபுப் படையெடுப்பு, ஹிதானோக்களின் வருகை ஆகிய மூன்றையும் இந்த இசையின் ஊற்றுகளாகச் சொன்னது. உங்கள் பயண நூலும் காணொளியும் அந்தப் பட்டியலின் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஃபாயாவிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் தொழில்முறைப் பாடகர்களை ஒதுக்கிவிட்டு, தூய நாட்டுப்புற மூலத்தைத் தேடிய அவர் நோக்கு, இந்தக் கலையை வளர்த்ததே அந்தத் தொழில்முறைப் பாடகர்கள் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டது என்றே கருதுகிறேன்.

நம் காதுக்கு ஃபிளமென்கோ நெருக்கமாகப் படுவது உண்மை, அதற்குக் காரணமும் உண்டு. அதன் அடிப்படைச் சுரவரிசை நம் அனுமத்தோடியின் சுரங்களோடு ஒத்துப்போகிறது; காந்தாரம் அந்தர காந்தாரமாக ஒலிக்கும் இடங்களில் வகுளாபரணம் நினைவுக்கு வரும். அரபு இசையின் ஹிஜாஸ் என்ற சுரமுறையும் இதே சுர உறவு கொண்டது. ஆனால் துருக்கி, கிரேக்கம், யூதர் வழிபாட்டிசை என மத்தியதரைக் கடலைச் சுற்றி எங்கும் இவை கிடைப்பதால், சுர ஒற்றுமையைக் கொண்டு பிறப்பிடத்தைச் சொல்ல முடியாது. தோடியின் உயிர் கமகத்தில் இருக்கிறது. இங்கோ கிட்டார் ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று படியிறங்கி வந்து நிற்கும் முறை முழுக்க ஐரோப்பியச் சுரக்கூட்டு மரபு. தாளத்தில் மட்டும் நமக்கு ஒரு வசதி உண்டு, எண்ணிப் பழகிய கை நம்முடையது. சொலேயா என்ற வகையைக் கேட்கும்போது பன்னிரண்டு வரை எண்ணி 3, 6, 8, 10, 12 ஆகியவற்றில் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். சில சுற்றுகளில் பிடிபட்டுவிடும். ஆனால் அரங்கில் உரக்கக் கை தட்டாதீர்கள். அவர்களின் கைத்தட்டு மேடையில் ஓர் இசைக்கருவி, அதில் அடியும் எதிரடியுமாகப் பங்கு பிரிந்திருக்கும். பார்வையாளரின் தட்டு அதைக் குலைத்துவிடும்.

எங்கே கேட்பது என்பதற்கு இப்போது பதில் சொல்லலாம். சாக்ரோமோன்தே குன்றின் குகை வீடுகளில் நடக்கும் நிகழ்ச்சிக்கும் சம்ப்ரா என்றே பெயர். திருமணச் சடங்கைப் பின்பற்றிய மூன்று ஆட்டங்கள் அதன் நடுநாயகம். மொரிஸ்கோக்களின் சம்ப்ராவிலிருந்து இது இடையறாமல் வந்ததா என்றால், பெயர் தொடர்ந்திருக்கிறது, ஹிதானோக்களும் எஞ்சிய மொரிஸ்கோக்களும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்திருக்கக்கூடும், அதற்கு மேல் ஆவணம் பேசவில்லை. நான் முதலில் சொன்ன மெல்லிய தொடர்பு இதுவே. 1963இன் பெருமழையில் குகைகள் பல இடிந்து, அங்கு வாழ்ந்த குடும்பங்கள் நகரின் புறநகர்க் குடியிருப்புகளுக்கு அகற்றப்பட்டார்கள் என்பதையும் அறிந்து போங்கள்; இன்றைய குகை அரங்குகள் சுற்றுலாவுக்காக நடப்பவை, ஆனால் அவற்றில் சில அந்தப் பழைய குடும்பங்களின் வாரிசுகள் நடத்துபவை, அங்கே ஆடுபவர்கள் தரமானவர்கள். ஒரு நாள் அதற்கு ஒதுக்குங்கள். இன்னொரு மாலை அல்பைசின் பகுதியில் 1949 முதல் இயங்கும் லா பிளாத்தெரியா என்ற ரசிகர் சங்கத்தில் வெளியாருக்கான நிகழ்ச்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே ஆட்டத்தைவிடப் பாட்டுக்கு மதிப்பு அதிகம், நம் சபாக்களைப் போல விஷயம் தெரிந்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அல்பைசினில் பிறந்த என்ரிகே மொரெந்தேயின் பதிவுகளை விமானத்தில் கேட்டுக்கொண்டே போனால் காது தயாராகிவிடும்.

அல்ஹம்ப்ராவுக்கான நுழைவுச்சீட்டைப் பயணம் உறுதியானவுடனே கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே முன்பதிவு செய்யுங்கள். நஸ்ரி அரண்மனைகளுக்கு நேரம் குறித்துத்தான் விடுவார்கள், அந்த நேரம் தவறினால் மறுபடி அனுமதி கிடைக்காது. காலையில் முதல் சுற்றில் இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் சாய்ந்த வெளிச்சத்தில் சுதையின் ஆழம் தெரியும், சிங்க முற்றத்திலும் தூணடியில் குனிந்து பார்க்க இடமிருக்கும். வெளியே வந்தபின் கோமெரெஸ் சரிவு வழியாக இறங்குங்கள். அங்கே கிட்டார் செய்பவர்களின் பட்டறைகள் இருக்கின்றன. ஃபிளமென்கோ கிட்டாருக்குச் சைப்ரஸ் மரத்தை ஏன் தேர்கிறார்கள் என்று கேட்டால், வேலைக்கு இடையிலும் தட்டிக்காட்டி விளக்குவார்கள்.